பெட்டி இல்லாமல் நல்ல பேஸ்: ஊவா பாதைகளில் ஓடும் வாகனங்களுக்கு

பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை பக்கம் ஓடும் வேன்களில் பின்பக்க இடம் என்பது வருமானம். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், மதியம் மரக்கறி மூட்டை, வார இறுதியில் கல்யாணப் பயணம். சப்வூஃபர் பெட்டி வைத்தால் ஓர் ஆளின் இடம் போய்விடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் இருக்கிற பழைய வாகனத்தைத்தான் பலர் செப்பனிட்டு ஓட்டுகிறார்கள். "அண்ணன், பெட்டி வைக்காமல் பேஸ் எடுக்க ஏலாதா?" என்று சாரதிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஏலும். அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

பெட்டி என்ன செய்கிறது?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நேரம் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த ஒலி அழிந்துவிடும். பெட்டியின் முதல் வேலை இந்த இரண்டையும் பிரிப்பதுதான். மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. போர்க்காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். கைவசம் இருப்பதைக் கொண்டு ஒலி எடுப்பது நமக்குப் பழகிய வேலை.

வாகனத்தில் அந்தப் பானையின் வேலையைக் கதவைக் கொண்டு செய்விக்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். வாகனத்தின் உட்பகுதி அதைவிட மிகச் சிறியது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே, மூடிய வாகனத்துக்குள் பேஸ் தானாகவே கூடுகிறது. கண்ணாடியை இறக்கினால் அந்த நன்மை குறையும். மலைக்காற்றுக்காகக் கண்ணாடியைத் திறந்துவிட்டு "பேஸ் இல்லை" என்று செட்டை மாற்ற வேண்டாம்.

முதலில் வயரைப் பாருங்கள்

இடது, வலது ஸ்பீக்கர்களில் ஒன்றின் வயர் மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும். செட்டிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் டோர்ச் பற்றரியை ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் நேர்முனை ஸ்பீக்கரின் நேர்முனையில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். எல்லாக் கதவுகளிலும் இப்படிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, காசு செலவில்லை.

கதவை அடைத்தல்

கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியாகப் பின்பக்க ஒலி கசிந்து முன்பக்க ஒலியை அழிக்கிறது. மெல்லிய அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி, பியூட்டைல் ஒட்டுத்தாளால் ஓட்டைகளை மூடுங்கள். ஸ்பீக்கரைத் தகரத்தில் நேரடியாக முடுக்காமல் தடித்த பலகை அல்லது பிளாஸ்டிக் வளையத்தில் பொருத்தி, சுற்றிலும் ஸ்பொஞ் பட்டி ஒட்டுங்கள். நம் பகுதி மழைக்குச் சாதாரண எம்.டி.எஃப் பலகை ஊதிவிடும். நீர் தாங்கும் பிளைவுட் எடுங்கள். கதவின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் மழைநீர் உள்ளே தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.

செட்டை அளவாக வைத்தல்

"50 x 4" என்று எழுதியிருக்கும் செட் தொடர்ந்து தரக்கூடியது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 வாட்தான். பேஸை 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. ஆகவே பேஸ் பூஸ்டை முழுதாகத் திருகினால் கரகரப்புத்தான் மிஞ்சும். ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் வடிகட்டியை 50 முதல் 60 ஹெர்ட்ஸ் அளவிலும், நாலு அங்குலத்துக்கு 100 அளவிலும் வையுங்கள். கூம்பு வீணாக உதறாது. தப்பு, மிருதங்கம் போன்றவை தெளிவாகக் கேட்கும்.

கார், ஓட்டோ

டிக்கி தனியாக உள்ள காரில் பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் சப்வூஃபரைப் பொருத்தலாம். அப்போது டிக்கியே பெட்டி. பின்சீட்டின் பின்புற இடைவெளிகளை நன்றாக அடைக்க வேண்டும். பெட்டியின்றி இயங்கத் தகுந்த ஸ்பீக்கராக, அதன் தாளில் "கியூ.டி.எஸ்" மதிப்பு 0.6 அல்லது அதற்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கூம்பைத் தடுக்கும் காற்றுமெத்தை இங்கே இல்லாததால் சக்தியைக் குறைத்தே கொடுக்க வேண்டும்.

வேனிலும் ஹட்ச்பேக் காரிலும் டிக்கி தனி அறையல்ல. அங்கே கதவுதான் வழி. ஓட்டோ திறந்த வண்டி என்பதால் ஆழமான பேஸ் எதிர்பார்க்க வேண்டாம். பின்சீட்டின் பின்னாலுள்ள மூடிய பகுதியில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் போதுமான நிறைவு கிடைக்கும்.

அம்ப் சேர்த்தால், பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் கட்டாயம். வயர் உராய்ந்து தகரத்தில் பட்டால் வாகனம் தீப்பிடிப்பதைத் தடுப்பது அந்தப் பியூஸ்தான்.

யார் ஏறியிருக்கிறார்கள்?

பேராதனையிலிருந்து பதுளை, பசறை, பிபிலை வழியாகச் செங்கலடி வரை போகும் ஏ5 பாதையின் மலைப்பகுதியில் வளைவுக்கு வளைவு ஹோர்ன்தான் எச்சரிக்கை. 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் மைல்கல் அருகே பஸ் பள்ளத்தில் விழுந்ததற்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தப் பாதையில் சாரதியின் காது எவ்வளவு தேவை என்பது அவ்விடத்தைக் கடக்கும் எவருக்கும் தெரியும். எதிரே வரும் ஹோர்ன் கேட்கும் அளவே மேல் எல்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி போய்க் குடியேறி, அங்கே போரையும் கண்ட குடும்பங்கள் உண்டு. திருவிழாவுக்கோ மரணவீட்டுக்கோ ஊர் வரும்போது அவர்கள் ஏறுவது இந்த வேன்களில்தான். திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது போர் விட்டுச்சென்ற உளப்பாதிப்பின் அறியப்பட்ட அறிகுறி. நெஞ்சில் அடிக்கும் பேஸ் ஒருவருக்குச் சந்தோஷம். இன்னொருவருக்கு ஷெல் விழுந்த இரவு. கதவை அடைத்துப் பெறும் பேஸ் குறைந்த ஒலியிலேயே நிறைவாக இருப்பதால், பாட்டும் கேட்கலாம், பின்சீட்டில் இருப்பவரும் நிம்மதியாக வரலாம். பாட்டைப் போடும்போது சிறிதாகத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். "சத்தம் காணுமா, கூடவா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

லயன் அறைகளுக்கு நடுவே ஒரே மெல்லிய சுவர். தாழ்ந்த ஒலி அதைத் தாண்டித் தூங்கும் குழந்தையையும் படிக்கும் பிள்ளையையும் எட்டும். இரவில் லயன் பக்கம் திரும்பும்போது பேஸைக் குறைத்துவிட்டே உள்ளே போங்கள்.