நூறடி ரோட்டுக்கு அப்பால்

கொத்தவால் சாவடிக்குள் காய்கறி லாரி நுழைவதே பெரும்பாடாக இருந்தது. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் வண்டிக்கும் மூட்டை சுமப்பவருக்கும் ஒரே வழி. பக்கத்திலேயே பிராட்வே, வெளியூர்ப் பேருந்துகள் அங்கேதான் வந்து நின்றன. துறைமுகமும் அதே திசையில்.

கோட்டையையும் கடற்கரையையும் ஒட்டி வளர்ந்த ஊர் சென்னை. திருச்சிப் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. சாலை, பெங்களூரு பக்கமிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை, கல்கத்தா பக்கமிருந்து ஜி.என்.டி. சாலை, மூன்றும் விசிறி மடிப்புகளாய் அந்த ஒரு மூலையை நோக்கியே குவிந்தன. சென்னையில் எந்த வேலையும் இல்லாத லாரிகூட ஊருக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். 1973இல் ஜெமினி அருகே அண்ணா மேம்பாலம் திறந்தபோது ஒரு சந்திப்பு மூச்சு விட்டது. ஊர் விடவில்லை.

அதற்கான மருந்தாக 1970களின் முதல் முழுமைத் திட்டம் சொன்னது வட்டச் சாலைகளை. உள்வட்டச் சாலை கத்திப்பாரா, அசோக் நகர், வடபழநி, கோயம்பேடு, பாடி என்று நீண்டது. மக்கள் வாயில் அது நூறடி ரோடு. அதன் பலத்தில்தான் 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது; 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் வந்தது. ஜார்ஜ் டவுனுக்கு அது பெரிய விடுதலை. அந்த முடிவு சரியானதே.

ஆனால் சந்தையும் பேருந்தும் வந்த இடத்தில் வீடும் கடையும் வராமல் இருக்குமா? ஓரமாக இருந்த கோயம்பேடு சில ஆண்டுகளிலேயே ஊர் நடுவானது. 2008இல் கத்திப்பாராவில் பெரிய மேம்பாலம் வந்த பின்பும், தீபாவளிக்கு முந்தைய இரவில் தென்மாவட்டப் பேருந்துகள் தாம்பரத்தைத் தாண்ட மணிக்கணக்கில் ஊர்ந்தன.

இதற்கு மாற்றாகியிருக்க வேண்டியது வெளிவட்டச் சாலை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கி.மீ.; பிற்காலப் பொதுப் போக்குவரத்துக்கும் இடம் விட்டு, 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுக்கப்பட்டது. அந்த முன்யோசனையைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் 1970களில் பேசப்பட்ட சாலையின் முதல் பகுதி திறந்தது 2014இல். மீஞ்சூரைத் தொட்டது 2021இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ஊர் தன் விருப்பப்படி பரவிவிட்டது.

2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் மறுபக்கத்திலேயே புறநகர் ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் அங்கே ரயில் நிற்க அன்று நிலையம் கிடையாது. பெட்டியும் பிள்ளையுமாக வந்திறங்கிய குடும்பங்கள் மாநகரப் பேருந்தையும் ஆட்டோவையும் நம்பி நின்றன. சாலையைக் கணக்கிட்டவர்கள் பயணியைக் கணக்கிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது அதற்கும் வெளியே, எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் நோக்கி, 130 கி.மீ.க்கு மேல் நீளும் சென்னை எல்லைச் சாலை பகுதி பகுதியாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் மனைகள் விற்றுத் தீர்வதற்குள், பேருந்து நிலையத்துக்கும் ரயிலுக்குமான நிலத்தை அரசு இன்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.