கும்பிடு பூச்சியின் முகவரி

விலங்கியல் துறையில் நாங்கள் படித்தபோது கும்பிடு பூச்சியை வெட்டுக்கிளியோடு சேர்த்து ஆர்த்தாப்டெரா வரிசையில் எழுதினோம். முழு மதிப்பெண் விழுந்தது. இன்று நம் கல்லூரி மாணவர் ஒருவர் அப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். பூச்சி மாறவில்லை; அதன் முகவரிதான் மாறியிருக்கிறது. அந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு.

நம்ம பக்கத்துல இதுக்குப் பேருக்குப் பஞ்சமே இல்லை. கைகூப்பி நிற்பதால் கும்பிடு பூச்சி. முன்னங்கால்களை ஆட்டுவது மத்தால் கடைவதுபோல் இருப்பதால் தயிர்க்கடை பூச்சி. பெருமாள் பூச்சி என்பாரும் உண்டு. கிரேக்கர் குறிசொல்பவர் என்னும் பொருளில் ‘மேன்டிஸ்’ என்றனர். எல்லோரும் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கை, இரையைக் கவ்வும் முள் வைத்த கிடுக்கி!

1758ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் தம் நூலில் இதை வெட்டுக்கிளிகளின் கூட்டத்தில் வைத்தார். அந்தக் கூட்டத்தையோ வண்டுகளின் வரிசையில் சேர்த்திருந்தார்! தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும், வயலின் போன்ற உடல்கொண்ட ‘காங்கிலஸ் காங்கிலோடிஸ்’ அவர் அன்றே பெயரிட்ட சிற்றினம். 1767ல் மேன்டிஸைத் தனிப் பேரினமாக்கினார்.

அடுத்த ஆண்டு, 1768ல், அவருடைய மாணவர் கோனிக் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். நம் காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கும் அதே தரங்கம்பாடிதான். அங்கிருந்து செடிகளும் பூச்சிகளும் கப்பலேறின. லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரீசியஸ் அவற்றுக்குப் பெயர் சூட்டினார். சோழமண்டலக் கரைப் பூச்சிகள் பல ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறியது இப்படித்தான்.

1789ல் பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே வகுத்த ஆர்த்தாப்டெரா வரிசைதான் நாங்கள் எழுதிய முகவரி. 1838ல் ஜெர்மானியர் பர்மைஸ்டர் இவற்றை ‘மேன்டோடியா’ என்று தனியே குறித்தார். நம் ஊரில் காணும் பெரிய பச்சைப் பூச்சியின் பேரினமான ஹயரோடுலாவும் அவர் இட்ட பெயரே. பின்னர் ஜெனீவாவின் ஆன்றி தெ சொசூர் பல சிற்றினங்களை விவரித்தார். மொழியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஃபெர்தினான் தெ சொசூரின் தந்தை இவர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய உட்-மேசன் 1889லும் 1891லும் மேன்டோடியா பட்டியலை வெளியிட்டார்.

சரி, வெட்டுக்கிளியை விட்டுப் பிரித்தது ஏன்? கும்பிடு பூச்சி தன் முட்டைகளை நுரைபோல் சுரந்து இறுகும் ஒரு கூட்டுக்குள் இடும். கரப்பானும் முட்டைகளை உறைக்குள்தான் வைக்கும். உடலமைப்பும் பின்னால் வந்த மரபணு ஆய்வும் கரப்பான், கறையான், கும்பிடு பூச்சி மூன்றும் நெருங்கிய உறவு என்று காட்டின. சாமி கும்பிடுற பூச்சிக்குச் சமையலறைக் கரப்பான் பங்காளி!

குடும்பங்களைப் பிரிப்பதில்தான் பெரிய சிக்கல். பட்டை மேல் வாழ்பவை தட்டையாக இருக்கும். ஆகவே அவை ஒரே குடும்பம் என்று நினைத்தார்கள். ஆனால் ஒரே வேடத்தை வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியே போட்டிருக்கின்றன. ஸ்வென்சன், வைட்டிங் இருவரின் மரபணு ஆய்வுகள் (2004, 2009) இதை வெளிக்கொண்டு வந்தன. 2019ல் ஷ்வார்ட்ஸ், ரோய் இருவரும் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பமைப்பை முக்கிய அடையாளமாகக் கொண்டு குடும்பங்களை மறுபடி வகுத்தார்கள். உலகில் சுமார் 2,400 சிற்றினங்கள்; இந்தியாவில் 160க்கு மேல்.

இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை, ஊசி குத்திய உலர்ந்த உடலைப் பார்த்துத் தொலைவில் இருந்தவர்கள் வைத்தவை. உயிரோடு பார்க்கும் வாய்ப்பு நமக்குத்தான் இருக்கிறது. எந்தச் செடியில் தங்குகிறது, எந்த மாதம் கூடு வைக்கிறது, எதைப் பிடிக்கிறது என்பதை இங்கே இருப்பவர்தான் எழுத முடியும். மேட்டுப்பாளையத்தில் வேலியை வெட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பும்போது, குச்சியில் ஒட்டிய முட்டைக்கூடும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது.

விலங்கியல் மாணவத் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: தொழிற்பேட்டைச் சாலையோரப் புதர்களில் தொடங்கி, ஓராண்டு முழுக்க ஒரு குறிப்பேடு எழுதுங்கள். தேதி, செடி, நிறம், அளவு, பாட்டி சொன்ன பெயர், எல்லாம் அதில் இருக்கட்டும். வகைப்பாடு மறுபடியும் மாறலாம். நேரில் பார்த்து எழுதிய குறிப்பு மாறாது.