கம்பம் பள்ளத்தாக்கில் தங்குமிடங்கள்: சத்திரம் முதல் சுற்றுலா விடுதி வரை

விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், எந்த இடத்தைப் பார்ப்பது என்பதை எளிதில் முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீள்கிறது. பார்க்கும் இடத்துக்கு உள்ளேயே தங்கினால் நேரம் மிச்சமாகும், வாடகை கூடும். வெளியே தங்கினால் வாடகை குறையும். போக்குவரத்தில் அலைச்சல் கூடும். கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்பவர்களும் தேக்கடிக்குச் செல்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இது வெறும் பணக் கணக்கு போலத் தெரிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு சாதாரணக் குடும்பம், எங்கே தங்குவது என்பதைத் தன் விருப்பப்படி முடிவு செய்யும் நிலை வந்து இன்னும் நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு அதைப் பெரும்பாலும் முடிவு செய்தவை சாதியும் பதவியும்தான். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைக் கொண்டு இந்த வரலாற்றைப் பார்க்கலாம்.

மலையடிவார ஊர்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கே மேகமலைத் தொடரும் அரண்போல நிற்கின்றன. நடுவே முல்லையாறு ஓடுகிறது. இங்கு ஊர்கள் அமைந்த இடத்தைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். குமுளி மலைப்பாதையின் அடியில் கம்பமும் கூடலூரும் இருக்கின்றன. போடிமெட்டுப் பாதையின் அடியில் போடிநாயக்கனூர் இருக்கிறது. மேகமலைப் பாதை சின்னமனூரிலிருந்து கிளம்புகிறது.

மாட்டு வண்டியும் பொதிமாடும் கழுதையும்தான் வாகனம் என்றிருந்த காலத்தில், பொழுது சாய்ந்தபின் மலையேற முடியாது. யானையும் புலியும் நடமாடும் காடு அது. எனவே மலையேறுமுன் அடிவாரத்தில் இரவு தங்குவதும், விடிந்தபின் ஏறுவதும் வழக்கமாயின. ஏலக்காய் கொண்டு வந்தவர்கள், நெல்லும் உப்பும் கொண்டு சென்றவர்கள், சபரிமலைக்கு நடந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் அடிவாரமே இயல்பான தங்குமிடமாக அமைந்தது.

சத்திரமும் முசாபரி பங்களாவும்

தமிழ்நாட்டில் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டுவது பெரிய அறமாகக் கருதப்பட்டது. மதுரை நாயக்கர் ஆட்சியில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்ததற்கும் சத்திரங்கள் கட்டியதற்கும் பெயர் பெற்றவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

சத்திரத்தில் தங்கக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு. பல சத்திரங்களில் பிராமணர்களுக்குத் தனி இடமும் தனிச் சாப்பாட்டுப் பந்தியும் இருந்தன. மற்றச் சாதியினர் திண்ணையிலோ வெளிக் கூடத்திலோ படுத்தனர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே நுழையவே உரிமை இருக்கவில்லை. தங்கள் சாதியினருக்கென்று மடமும் மண்டபமும் கட்டிக் கொண்ட சமூகங்களும் உண்டு. சொந்த மடமோ ஊரில் உறவினரோ இல்லாதவருக்கு மரத்தடிதான் கிடைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பயணியர் மாளிகைகள் வந்தன. மக்கள் இவற்றை முசாபரி பங்களா என்றார்கள். சுற்றுப் பயணம் செய்யும் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட இவற்றில் சமையல்காரரும் காவலாளியும் இருப்பார்கள். இங்கே சாதிக்குப் பதில் பதவி பார்க்கப்பட்டது. அதிகாரி வந்தால் மற்றவர் அறையைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகுட்டிகளோடு ஊர் பார்க்க வருபவருக்கு இங்கு இடமில்லை.

அணை கட்டியவர்கள் தங்கிய இடம்

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டத்துக்காக 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது.

ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் காட்டில் கூடாரங்களிலும் குடிசைகளிலும் தங்கினர். மலேரியாக் காய்ச்சலும் காலராவும் பலரைப் பலி கொண்டன. இன்று வழியில் நாம் தேநீர் குடிக்க நிற்கும் லோயர் கேம்ப் என்ற ஊரின் பெயர், மலையடிவாரத்தில் அமைந்த அந்த முகாமின் நினைவே ஆகும். தங்குமிடம் ஒன்றே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது. பென்னிகுயிக் மணிமண்டபம் இங்குதான் 2013 ஜனவரியில் திறக்கப்பட்டது.

ஏரிக்கரை அரண்மனை

அணையால் உருவான ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934இல் வேட்டைவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. ஏரிக்கரையில் எடப்பாளையம் என்ற இடத்தில் மன்னர் குடும்பம் தங்குவதற்கு ஒரு மாளிகை இருந்தது. படகில்தான் அங்கே போக வேண்டும். யானைகள் தண்ணீர் குடிக்க வருவதைத் தாழ்வாரத்தில் அமர்ந்தே பார்க்கலாம். இன்றைய சொல்லில் கூறினால், 'பூங்காவுக்கு உள்ளேயே தங்குவது' இதுதான். அன்று அது மன்னருக்கும் அவர் விருந்தினருக்கும் மட்டுமே உரியது.

அதே காட்டில் பரம்பரையாக வாழ்ந்தவர்கள் மன்னான், பளியர் பழங்குடியினர். ஏரியும் சரணாலயமும் வந்தபின் அவர்கள் காட்டின் உட்பகுதியிலிருந்து குமுளியின் ஓரத்துக்குக் குடியமர்த்தப்பட்டனர். காட்டுக்குள் வீடு வைத்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள். விருந்தினர்கள் உள்ளே தங்கினார்கள். தேக்கடியின் தங்குமிட வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட முடியாது. இன்று பழங்குடியினர் பலர், வனத்துறையின் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக, அந்தக் காட்டுக்குள் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர்.

சட்டம் திறந்த கதவு

1950ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆவது பிரிவை மாணவர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி, கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது அப்பிரிவு. தங்கும் விடுதியும் கேளிக்கை இடமும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து வருகின்றன. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தர்மசாலை, சத்திரம் போன்ற இடங்களில் தீண்டாமை பார்ப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்காவிலும் கறுப்பினக் குடும்பங்களுக்குப் பல ஓட்டல்களில் அறை தரமாட்டார்கள். எந்த ஊரில் எந்த விடுதியில் தங்க முடியும் என்று அவர்களுக்குச் சொல்வதற்காகவே, நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற அஞ்சல் ஊழியர் 1936 முதல் ஒரு கையேட்டை வெளியிட்டார். அங்கே விடுதிக் கதவைச் சட்டம் திறந்தது 1964இல்தான்.

பகலில் பார்த்து இரவில் திரும்பிய காலம்

உரிமை வந்ததும் வசதி வந்துவிடவில்லை. 1959 ஜனவரியில் முதலமைச்சர் காமராசரால் திறந்து வைக்கப்பட்ட வைகை அணை, அதன் இரு கரைப் பூங்காக்களால் இப்பகுதிக் குடும்பங்களின் முதல் சுற்றுலா இடமாயிற்று. ஆனால் அங்கே தங்கியவர்கள் குறைவு. புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு காலையில் போய், பூங்காவில் உண்டு, கடைசிப் பேருந்தில் வீடு திரும்புவார்கள்.

சித்திரை மாதத்தில் எட்டு நாள் நடக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் அப்படித்தான். ராட்டினங்கள், கடைகள், விளையாட்டுகள் எனப் பார்த்தால், கம்பம் பள்ளத்தாக்கின் கேளிக்கைப் பூங்கா ஆண்டுக்கு ஒரு வாரம் வீரபாண்டியில்தான் திறக்கப்படுகிறது. வண்டி கட்டி வந்தவர்கள் தோப்பில் தங்கிப் பொங்கல் வைத்தார்கள். இரவெல்லாம் சிறப்புப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபின் தங்கும் தேவையே குறைந்தது.

பள்ளிச் சுற்றுலாக்களிலும் இதே சிக்கனம்தான். நான் ஆசிரியராக இருந்த காலத்தில், வெளியூர் சென்றால் திருமண மண்டபத்திலோ பள்ளிக் கூடத்திலோ ஜமுக்காளம் விரித்து மாணவர்களைப் படுக்க வைப்போம். அறை எடுப்பது என்பது எங்கள் செலவுத் திட்டத்திலேயே இராது.

பேருந்து நிலைய லாட்ஜும் சுற்றுலா விடுதியும்

தேனி, போடி, கம்பம் நகரங்களின் பேருந்து நிலையங்களைச் சுற்றி எழுந்த லாட்ஜுகள் முதலில் வியாபாரிகளை நம்பியே நடந்தன. ஏலக்காய், பருத்தி, திராட்சை, காய்கறி ஆகியவற்றுக்காக வந்தவர்கள் ஒரு கட்டிலும் ஒரு விசிறியும் கிடைத்தால் போதும் என்றிருந்தனர். குடும்பங்கள் வரத் தொடங்கிய பிறகே, இணைந்த குளியலறை, மூன்று கட்டில் அறை, வாகனம் நிறுத்துமிடம் ஆகியவை வந்தன.

1928இல் மதுரையிலிருந்து போடிக்கு வந்த ரயில் பாதை 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. ரயில் மீண்டும் 2022இல் தேனிக்கும், 2023இல் போடிக்கும் வந்தது. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்துக்கு இது பெரிய வசதி.

மலைமேல் நிலைமை வேறு. 1956 மாநிலப் பிரிவினையில் பீர்மேடு, தேவிகுளம் வட்டங்கள் கேரளத்தில் அமைந்ததால், தேக்கடியும் குமுளியும் அந்த மாநிலத்தில் உள்ளன. எடப்பாளையம் மாளிகை கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியாயிற்று. மன்னர் தங்கிய இடத்தில் பணம் செலுத்தும் எவரும் தங்கலாம் என்ற நிலை வந்தது. அந்தப் பணம் எல்லோரிடமும் இருப்பதில்லை என்பதும் உண்மை.

உள்ளேயா, வெளியேயா?

1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, சொந்தமாக ஓட்டல் கட்ட வால்ட் டிஸ்னியிடம் பணம் இல்லை. ஜாக் ராதர் என்ற வேறொரு முதலாளி அருகில் டிஸ்னிலேண்ட் ஓட்டலைக் கட்டினார். பூங்காவைச் சுற்றி மற்றவர்களின் விடுதிகள் முளைத்து, பயணிகளின் பணம் அங்கே போயிற்று. இதைப் பார்த்த டிஸ்னி, அடுத்த பூங்காவுக்குப் புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். அவர் மறைவுக்குப்பின் 1971இல் அது திறக்கப்பட்டபோது, உள்ளேயே நிறுவனத்தின் ஓட்டல்கள் இருந்தன. பயணியைத் தன் எல்லைக்குள் தங்க வைத்தால் அவர் செலவும் தன் எல்லைக்குள் இருக்கும் என்பதே அந்தக் கணக்கு.

தேக்கடியில் காடு அப்படி விரிய முடியாது, விரியவும் கூடாது. 1978 முதல் அது புலிகள் காப்பகம். எனவே உள்ளே சில விடுதிகள், விளிம்பில் குமுளி, அடிவாரத்தில் கம்பமும் தேனியும் என்று மூன்று வளையங்கள் அமைந்துவிட்டன. விளிம்பிலும் அடிவாரத்திலும் தங்குவோர் செலவிடும் பணம் சிறு கடைக்காரர், ஓட்டுநர், உணவகத் தொழிலாளி எனப் பலருக்குப் போகிறது. காட்டுக்கும் சுமை குறைகிறது.

இந்த மூன்று வளையங்களை மனத்தில் வைத்தால் தேர்வு எளிது. தேக்கடி மட்டுமே நோக்கம், விடிகாலைப் படகில் போக வேண்டும் என்றால் குமுளி பொருந்தும். கையில் வசதி இருந்தால் உள்ளே தங்கலாம். சுருளி அருவி, மேகமலை, வைகை அணை, போடிமெட்டு எனப் பல இடங்களைப் பார்ப்பவர்களுக்கு அடிவாரமே நல்லது. தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கி.மீ., குமுளி சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளன. இரண்டு மூன்று இரவுகள் ஒரே அறையில் தங்கினால், முதியவர்களும் குழந்தைகளும் தினமும் மூட்டை கட்டும் தொல்லை இல்லை.

மேகமலையில் தங்குமிடங்கள் குறைவு. சோதனைச் சாவடியில் மாலைக்குப்பின் வாகனங்களை விடுவதில்லை. ஆகவே அறையை உறுதி செய்யாமல் மலையேறக் கூடாது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்வோரால் கம்பத்திலும் குமுளியிலும் அறைகள் நிரம்பும். நெரிசலைக் குறைக்கக் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையும் அப்போது நடைமுறைக்கு வரும். அந்த நாட்களில் சுற்றுலாவைத் தள்ளிப் போடுவது நல்லது.

முடிவுரை

அடிவாரத்தில் தங்கி விடிந்தபின் மலையேறு என்ற மாட்டு வண்டிக் காலத்து அறிவு இன்றும் பழுதாகவில்லை. மாறியிருப்பது வேறொன்று. சத்திரத்தின் திண்ணையில் ஒதுக்கப்பட்டவரின் பேரன், இன்று வரவேற்பு மேசையில் தன் பெயரை எழுதி, சாவியை வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு அறைக்குச் செல்கிறான். சாதியைக் கேட்டோ, ஊரையும் தெருவையும் கொண்டு சாதியை ஊகித்தோ அறை இல்லை என்பது இன்று சட்ட விரோதம். எங்கே தங்குவது என்று வீட்டில் நடக்கும் அந்தச் சிறு விவாதமே ஓர் உரிமையின் அடையாளம் என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.