சாலைக் கோடு இல்லாத மஃபாத்

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ரெயூனியோன் தீவின் வரைபடம் தொங்கும். கடற்கரை ஊர்களை வரிசையாக ஒப்பிக்க வைப்பார்கள். தீவின் நடுவே சிலாவோஸ், சலாஸி, மஃபாத் என்று மலை சூழ்ந்த மூன்று பெரும் பள்ளங்கள். மஃபாத்துக்குள் மட்டும் சாலைக் கோடு இராது. அச்சில் விட்டுப்போயிற்று என்றே நினைத்திருந்தேன்.

என் தங்கை மகன் அங்கே வேலையில் இருந்தபோது நேரில் பார்த்தேன். இன்றும் சாலை கிடையாது. ‘கொல் தே பெஃப்’ என்ற கணவாயோடு வண்டி நின்றுவிடுகிறது. லா நுவேல் என்ற ஊருக்கு அங்கிருந்து இரண்டு மணி நேர இறக்கம். அடுத்த ஊர் மார்லாவுக்கும் நடைதான். அரிசி மூட்டை ஹெலிகாப்டரில் வருகிறது.

முதலில் அங்கே குடியேறியவர்கள் தப்பி ஓடிய அடிமைகள். பிரெஞ்சில் ‘மரோன்’ என்பார்கள். 1723-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒரு மாதம் ஓடிப்போனவனுக்குக் காதை அறுப்பார்கள். மறுபடி ஓடினால் முழங்காலின் பின்புற நரம்பு. மூன்றாம் முறை உயிர். ஆகவே யாரும் வர முடியாத இடமாகப் பார்த்துப் போனார்கள். மஃபாத் என்பதே ஒரு மரோன் தலைவன் பெயர். 1751-இல் முஸ்ஸார் என்ற வேட்டைக்காரன் அவனைக் கொன்றான். தப்பியவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, வேட்டையாடியவர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகளிலிருந்துதான். ஆயுள் முழுக்க கோப்புகளோடு இருந்த எனக்கு அது உறுத்துகிறது.

1848-இல் அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு நிலமில்லாத ஏழை வெள்ளையர்களும் மலையேறி வந்தார்கள். கீழே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

இந்தப் பாதைகளில் அதிகம் நடந்தவர் ஒரு தபால்காரர், இவ்ரேன் போசே. 1951 முதல் 1991 வரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராய்க் கடிதம் கொண்டுபோனார். மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேருக்குப் பயணப்படி பில் போட்டவன் நான். இப்படியொரு பில் என் மேஜைக்கு வந்திருந்தால், தப்பு என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

லா நுவேலிலிருந்து திரும்பி ஏற எனக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. முழங்கால் வலி அடங்க ஒரு வாரம்.