கவசத்துள் மறைந்த வீராங்கனை



பழங்கதைகள் பலவற்றில் தலைவி உண்டு. ஆயின் வாளெடுப்பவன் தலைவனே. இவ்வழக்கம் வீடியோ விளையாட்டுகளிலும் புகுந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

1981ஆம் ஆண்டில் நின்டென்டோ என்னும் யப்பானிய நிறுவனம் 'டொங்கி கொங்' விளையாட்டை வெளியிட்டது. பெருங்குரங்கின் பிடியில் அகப்பட்டு, மீட்பவனுக்காகக் காத்திருப்பதே அதிற் பெண்ணுக்குரிய பணி. 1986இல் அந்நிறுவனம் 'த லெஜன்ட் ஒவ் செல்டா'வைத் தந்தது. செல்டா என்பது இளவரசியின் பெயர். அவளை மீட்கச் செல்பவனோ லிங்க் என்னும் இளைஞன். பெயர் அவளுடையது, செயல் அவனுடையது.

அவ்வாண்டிலேயே 'மெட்ரொயிட்' வெளிவந்தது. அதன் போர்வீரர் சாமஸ் ஆரன், உடல் முழுவதும் கவசம் பூண்டவர். ஆங்கிலக் கையேடு அவரை ஆண்பாலாலேயே சுட்டிற்று. விரைந்து ஆடி முடித்தோர்க்கு, ஈற்றிலே கவசம் நீங்கி, அவர் பெண்ணென்பது புலனாயிற்று. பெண்ணின் வீரம் ஈற்றில் வியப்பூட்டும் இரகசியமாயிற்றெனில், ஆடுவோர் அன்று எதிர்பார்த்தது யாரை என்பது வெளிப்படை.

1996இல் பிரித்தானியாவிற் பிறந்த 'டூம் ரைடர்' லாரா குரொப்ட்டை மறைவின்றித் தலைவியாக்கிற்று. எனினும், தன் பெயர் தாங்கிய நின்டென்டோ தொடரின் முதன்மை விளையாட்டொன்றில் தலைமை பெறுவதற்குச் செல்டா 2024 வரை, 38 ஆண்டுகள், காத்திருந்தாள்.

விளையாட்டைச் சிறுபொருளென்று தள்ளுதல் தகாது. செயற்படுபவர் யார், காத்திருப்பவர் யார் என்பதைப் பிள்ளைகள் அங்கும் கற்கின்றனர். அப்பாடம் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும்.