லெவ்கே திசாவையின் பீரங்கி

துவக்குக் குழலின் மேல் எதையும் பெரும்பாலும் குறி தவறக்கூடாது என்பதற்காகத்தான் பொருத்துவார்கள். கண்டி அரசவைக்குப் போன ஒரு சிறு பீரங்கியின் கதை வேறு. அதன் வெண்கலக் குழலில் பதிந்திருப்பவை பொன்னும் வெள்ளியும் சிவப்புக்கற்களும். சூரியன், சந்திரன், சிங்கம் ஆகிய கண்டி அரசின் சின்னங்களும் அதில் உண்டு. லெவ்கே என்ற திசாவை (மாகாண ஆளுநர்) 1745–46 அளவில் இதை மன்னருக்குக் காணிக்கையாக்கினார். அப்போது அரியணையில் இருந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். மதுரை நாயக்கர் உறவுமுறையில் வந்து கண்டியை ஆண்ட முதல் மன்னர். ஆகவே தமிழராகிய நம் வரலாற்றுக்கும் இந்தப் பீரங்கி அந்நியமானதல்ல.

1765 பெப்ரவரியில் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையுடன் கண்டிக்குள் நுழைந்தார். முந்தைய ஆண்டின் படையெடுப்பு தோற்றிருந்தது. இம்முறை மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நகரைவிட்டு விலகிக்கொள்ள, படையினர் மாளிகையைச் சூறையாடினார்கள். பீரங்கியோடு பொன் வாள், வெள்ளி வாள், கத்தி ஒன்று, ‘மஹா துவக்கு’ எனப்படும் பெருந்துப்பாக்கிகள் இரண்டும் பறிபோயின. வான் எக் ஏப்ரலில் கொழும்பில் இறந்தார். கண்டியில் நிறுத்திய படை, நோயும் உணவுத் தட்டுப்பாடும் தாங்காமல் சில மாதங்களில் மலையிறங்கியது. நகரத்தை ஒல்லாந்தரால் வைத்திருக்க முடியவில்லை. ஆனால் எடுத்துப்போன பொருள்களை 258 ஆண்டுகள் வைத்திருந்தார்கள்.

பீரங்கி ஒல்லாந்தின் ஆட்சித் தலைவரான ஐந்தாம் வில்லியம் இளவரசரின் அரும்பொருள் கூடத்தில் சேர்ந்தது. 1795இல் பிரெஞ்சுப் படை வர, அவர் இங்கிலாந்துக்குத் தப்பினார். 1800இல் ஹேக் நகரில் திறந்த தேசியக் கலைக்கூடமே பின்னாளில் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமாக வளர்ந்தது. இளவரசர் விட்டுச்சென்ற பீரங்கியும் அதன் சொத்தாயிற்று. இலங்கை 1980இலேயே திருப்பிக் கேட்டது. நெதர்லாந்து மனம் மாற இன்னும் நாற்பதாண்டுகள் பிடித்தன. பொருள்கள் வந்த வழியை ஆராய்ந்தவர்கள், இவை 1765 கொள்ளையில் எடுக்கப்பட்டவை என்று உறுதிசெய்தார்கள். 2023 ஆகஸ்டில் உரிமை இலங்கைக்கு மாறியது. டிசம்பரில் ஆறு பொருள்களும் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

கொழும்பு வரை வந்தது பெரிய காரியம். ஆனாலும் பயணம் முடிந்துவிட்டதாக எனக்குப் படவில்லை. கண்டியின் அரச பட்டறைகளைப் பற்றி 1908இல் விரிவாக எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. அந்தக் கைவேலை மரபு கண்டி–கொழும்பு வீதியோரம் பிலிமத்தலாவைப் பித்தளைக் கடைகளில் இன்றும் தெரிகிறது. அங்கு உளி பிடிக்கும் இளைஞர், தம் முன்னோர் காலத்து வேலையின் உச்சத்தை அருகில் நின்று பார்க்க வேண்டாமா? தலதா மாளிகைக்குப் பக்கத்தில், அரசியர் வாழ்ந்த கட்டடத்திலேயே கண்டி தேசிய நூதனசாலை இருக்கிறது. தக்க பாதுகாப்போடு, ஓராண்டுக்காவது பீரங்கியை அங்கே வைக்க அரசு முன்வர வேண்டும்.