மூச்சை அளந்த கதை

ஒரு கட்டடத்திற்குள் எவ்வளவு புதுக்காற்று வர வேண்டும்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் உழைத்தனர். அவ்வரலாற்றை இன்று சொல்ல விழைகிறேன்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த சுகாதார அறிஞர் மாக்ஸ் பெட்டன்கோஃபர் 1858-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து நூல் எழுதினார். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் அது பால்போல் வெளுப்பதைப் பள்ளியில் கண்டிருப்பீர்கள். அது நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவின் செயல். அதனையொத்த பேரியக் கரைசலைக் கொண்டு அவர் அறைக்காற்றை அளந்தார். கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்றார். அவ்வளவு வாயுவே நஞ்சு என்பதனாலன்று; அது பெருகிய இடத்தில் மனித உடலிலிருந்து வெளிப்படும் பிற மாசுகளும் பெருகியிருக்கும் என்பதனால்.

அமெரிக்கப் பொறியியலார் 1895-இல் ஆளொருவருக்கு நிமிடத்திற்கு 30 கன அடிக் காற்று வேண்டும் என வகுத்தனர். ஆனால் வெளிக்காற்றைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் எரிபொருள் செலவாகும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சிக்கனம் கருதி, 1981-ஆம் ஆண்டு விதி புகைபிடிக்காத அலுவலகங்களுக்கு 5 கன அடியே போதும் என்றது. அடைபட்ட கட்டடங்களில் பணிபுரிந்தோர் பலர் தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு என முறையிட்டனர். காற்றுக் குறைவும் அதற்கொரு காரணமெனக் கருதப்பட்டது. 1989-இல் பொதுவான குறைந்தபட்ச அளவு 15 கன அடியாக உயர்ந்தது.

அவ்வாறாயின் சிக்கனத்திற்கு வழியே இல்லையா? உண்டு. பெட்டன்கோஃபரின் அளவுகோலே துணை நின்றது. கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். அதனைக் கொண்டு வாயுவை இடைவிடாது அளக்கும் சிறு கருவிகள் வந்தன. ஒரு சிற்றுண்டிச்சாலையை எண்ணுங்கள். பிற்பகலில் ஐவர், மாலையில் ஐம்பதின்மர். ஐவர் இருக்கையில் ஐம்பதின்மருக்கான காற்றை ஏன் குளிர்விக்க வேண்டும்? கருவி வாயுவை அளந்து விசிறிக்குக் கட்டளையிடும். விசிறியின் வேகம் பாதியானால், கொள்கையளவில், அதற்கு வேண்டிய மின்னாற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும்!

எனினும் ஓர் எச்சரிக்கை. வண்ணப்பூச்சும் புது மரச்சாமான்களும் விடுக்கும் ஆவிகளை இக்கருவி அறியாது. ஆகவே, மக்கள் குறைந்த வேளையிலும் ஓரளவு புதுக்காற்று வந்துகொண்டிருத்தல் வேண்டும்.

இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்று. அளவறியாமல் குறைப்பது சிக்கனமாகாது; தேவையை அளந்து, தேவையற்றதை மட்டும் விடுவதே சிக்கனம். அடுத்த முறை நெரிசல் மிகுந்த அரங்கில் உங்களுக்கு உறக்கம் வந்தால், பேச்சாளரைக் குறை கூறுமுன் சாளரத்தைச் சற்றுப் பாருங்கள்!